நல்ல மனசு மட்டும் கோர்ட்டுக்குப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் கடிதம் வந்திருந்தது. கொடுமைக்கு ஆளான குழந்தைகள் குழந்தைகள் நலக் குழுவின் (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்காக மாவட்டத்தில் இருக்கும் குழு) முன்பும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ நீதிமன்றத்திலும் திக்குத் தெரியாமல் நிற்கிறார்கள், வீட்டில் சும்மா இருக்கும் இல்லத்தரசிகளையும் ஓய்வு பெற்றவர்களையும் துணைக்கு அனுப்பலாமே என்று அதில் எழுதியிருந்தார்கள். ("சும்மா இருக்கும் இல்லத்தரசி" யாரையாவது அவர் பார்த்திருந்தால் எனக்கும் காட்டட்டும்.) யோசனை நல்ல யோசனைதான். ஆனால் "இதற்குப் பயிற்சியெல்லாம் வேண்டாம், தாயுள்ளம் இருந்தால் போதும்" என்று முடித்திருந்தாரே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் திருச்சிக்காரி. ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் இருக்கிறேன். அவர் சொல்கிற அதே வேலைக்கு இங்கே நீதிமன்றமே தன்னார்வலர்களை நியமிக்கிறது. 'கோர்ட் அப்பாயிண்டட் ஸ்பெஷல் அட்வகேட்' என்பது முழுப்பெயர், சுருக்கமாக காசா. அட்வகேட் என்று பெயரில் இருந்தாலும் வக்கீல் படிப்பு வேண்டியதில்லை. 21 வயது ஆகியிருக்க வேண்டும், போலீஸ் ரெக்கார்டு சுத்தமாக இருக்க வேண்டும், நேர்காணலில் தேற வேண்டும், அப்புறம் பயிற்சி. அந்தப் பயிற்சியை முடித்து, நீதிபதி முன்னால் வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

எனக்குக் கொடுத்த வழக்கைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுத மாட்டேன். என் மருமகளுக்கே அந்தக் குழந்தையின் பெயர் தெரியாது. அதனால் பயிற்சி வகுப்பில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அங்கே தந்ததெல்லாம் கற்பனை வழக்குகள், சொல்வதில் தப்பில்லை.

இந்த ஏற்பாடு ஆரம்பித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்று ஒரு நீதிபதி. பெற்றோரிடமிருந்து பிரித்த குழந்தையை எங்கே அனுப்புவது என்று அவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மேஜைக்கு வருவதெல்லாம் அரசாங்கத் தரப்பு வக்கீல் சொல்வதும் பெற்றோர் தரப்பு வக்கீல் சொல்வதும். குழந்தையை நேரில் போய்ப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் விசாரித்து, டாக்டரிடம் பேசி, 'இந்தப் பிள்ளைக்கு இதுதான் தேவை' என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டோமோ என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் கிடந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1977இல் ஊர் மக்களிலிருந்தே தன்னார்வலர்களைச் சேர்த்துப் பழக்கி, ஆளுக்கு ஒரு வழக்கு என்று கொடுத்துப் பார்த்தார். அது நாடு முழுக்கப் பரவிவிட்டது. குழந்தைக் கொடுமை வழக்கு கோர்ட்டுக்குப் போனால் குழந்தைக்கென்று தனியாக ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் சட்டம் 1974இலேயே சொல்லியிருந்தது, அதுவும் இதற்குக் கைகொடுத்தது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். தேசிய அளவில் வைத்திருக்கும் விதிப்படி வழக்கைக் கையில் தருவதற்கு முன் குறைந்தது 30 மணி நேரம். அதற்குப் பிறகும் வருஷத்துக்கு 12 மணி நேரம் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். சட்டம் கொஞ்சம், குழந்தை வளர்ச்சி கொஞ்சம், போதைப் பழக்கம், குடும்ப வன்முறை, மனக்காயம் என்று பாடத்திட்டம் போகும். இதெல்லாம் புத்தகத்திலும் கிடைக்கும். வகுப்புக்கென்றே உட்கார வேண்டிய காரணம் வேறு.

ஒரு நாள் எல்லாருக்கும் ஒரு வீட்டின் படங்களைக் கொடுத்தார்கள். சமையலறை, படுக்கையறை, வாசல். கூடவே அந்த அம்மாவோடு நடந்ததாக ஒரு உரையாடல். பார்த்ததை எழுதுங்கள் என்றார்கள். என் பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியை, எதிரே ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர். ஆசிரியை விறுவிறுவென்று எழுதி முதலில் வாசித்தார்: "வீடு ரொம்ப அழுக்கு. அம்மாவுக்குக் குழந்தைகள் மேல் அக்கறை இல்லை." பயிற்சியாளர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "அக்கறை இல்லாததை எந்த அறையில் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து முதலிலிருந்து பார்த்தோம். சிங்கில் கழுவாத தட்டுகள். தரையில் துணிக் குவியல், ஈரமா காய்ந்ததா என்பது படத்தில் தெரியாது. குளிர்பெட்டிக்குள் பால், முட்டை, மூடி போட்ட பாத்திரத்தில் மிச்சச் சாப்பாடு. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே மெத்தை, மேலே துவைத்த விரிப்பு. தீயணைப்புக்காரர் மட்டும் கூரையைப் பார்த்திருக்கிறார். புகை வந்தால் கத்துகிற கருவி இருக்கிறது, அதில் பேட்டரி இல்லை. அந்த வீட்டில் உண்மையான ஆபத்து அது ஒன்றுதான், கடையில் போய் ஒரு பேட்டரி வாங்கினால் தீர்ந்துவிடும். "அழுக்கு" என்று எழுதி அனுப்பியிருந்தால் நீதிபதி மனசில் ஒரு அம்மாவே கெட்டுப்போயிருப்பாள், பேட்டரியும் வந்திருக்காது.

எனக்குக் கிளெய்ம் பிரிவு ஞாபகம்தான் வந்தது. பாலிசி எடுத்தவர் இறந்துபோனால் விசாரணை அறிக்கையில் "குடிப்பழக்கம் உள்ளவர் எனத் தெரிகிறது" என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள். யாருக்குத் தெரிகிறது, எப்போது பார்த்தார், எந்த டாக்டர் எழுதினார் என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த ஒரு வரியால் ஒரு விதவைக்கு மாதக்கணக்கில் பணம் நிற்கும். இங்கே ஒரு வரியால் பிள்ளை வீடு திரும்புவதே நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே கோர்ட்டுக்கு நாங்கள் தரும் அறிக்கையில் நான் பார்த்தது தனி, இன்னார் இன்ன தேதியில் என்னிடம் சொன்னது தனி, என் பரிந்துரை தனி. மூன்றையும் கலக்கக் கூடாது. என் பரிந்துரைக்கு நேர்மாறாகப் பிள்ளை ஆசைப்பட்டாலும் அந்த ஆசையையும் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு வக்கீல் ஒருவரும் இருப்பார், அதன் விருப்பத்தைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்வது பெரும்பாலும் அவர் வேலை. எது நல்லது என்று சொல்வது எங்கள் வேலை.

கடிதம் எழுதியவர் கவனிக்க வேண்டியது வறுமை விஷயத்தை. இந்த வழக்குகளுக்கு வருகிற குழந்தைகளில் அடி வாங்கியவர்களைவிட 'புறக்கணிப்பு' என்ற தலைப்பில் வருகிறவர்கள்தான் மிக அதிகம். புறக்கணிப்புக்கும் இல்லாமைக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியது. காசில்லாத காரணத்தால் சாப்பாடோ துணியோ இருப்பிடமோ தர முடியாமல் போனால் அது புறக்கணிப்பு ஆகாது, உதவி தருகிறோம் என்று சொல்லியும் மறுத்தால்தான் ஆகும் என்று டெக்சாஸ் குடும்பச் சட்டம் சொல்கிறது. 2021இல் அந்த விளக்கத்தை இன்னும் இறுக்கினார்கள். உடனடி ஆபத்து என்று காட்டினால்தான் புறக்கணிப்பு. சட்டத்தில் இருந்து என்ன, படிக்கட்டு ஏறிப் போய்க் கதவைத் தட்டுகிற ஆளின் கண்ணிலும் அது இருக்க வேண்டுமே. வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்ன அளவுகோல் இது: உன் வீட்டைப்போல அந்த வீடு இருக்க வேண்டியதில்லை. பிள்ளைக்குக் குறைந்தபட்சம் வேண்டியது அங்கே கிடைக்கிறதா, அதை மட்டும் பார். பிரித்த பிள்ளையைத் தற்காலிகமாக வளர்க்கிற ஃபாஸ்டர் வீட்டில் தனி அறையும் நீச்சல் குளமும் இருக்கிறது என்பது அம்மாவிடமிருந்து பிரித்து வைக்கக் காரணம் ஆகாது.

இதைப் பேசும்போது ஒரு பெண்மணி, ஒரே அறையில் ஆறு பேர் படுப்பது ஆபத்துக்கு அறிகுறி இல்லையா என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். உறையூரில் நான் பிறந்த வீட்டில் எட்டுப் பேர் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம், அப்பா ஓரத்தில், பாட்டி நடுவில், பிள்ளைகள் பாட்டியின் ரெண்டு பக்கமும் என்று சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். 2011இல் நார்வேயில் ஒரு இந்தியக் குடும்பத்தின் இரண்டு குழந்தைகளை அரசு எடுத்துக்கொண்டது. கையால் ஊட்டியதையும் குழந்தையைக் கூடப் படுக்க வைத்துக்கொண்டதையும் குற்றமாகச் சொன்னார்கள் என்று பெற்றோர் புகார் சொல்ல, அது நம் ஊர்ப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அந்த வழக்கில் வேறு என்னவெல்லாம் இருந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். ஆனால் சோறு பிசைந்து ஊட்டுவது என்றால் என்னவென்று தெரிந்த ஒரு ஆள் அந்த அறைக்குள் இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். கேள்வி கேட்ட பெண்மணி நோட்டில் எழுதிக்கொண்டார்.

உடனே நம்மவர்கள் காலரைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். இதே கண் நமக்கும் உண்டு. சென்னையில் அபார்ட்மென்ட்டில் இருக்கும் ஒரு அம்மாவைக் கொண்டுபோய்ச் செங்கல் சூளைக் குடிசை வாசலில் நிறுத்தி அறிக்கை எழுதச் சொல்லிப் பாருங்கள். "குழந்தை செருப்பில்லாமல் திரிகிறது, தலைக்கு எண்ணெய் இல்லை, தாய் வேலைக்குப் போய்விடுகிறாள்" என்று எழுதுவாரா மாட்டாரா? தாயுள்ளத்தோடுதான் எழுதுவார். அந்த அறிக்கையை வைத்துப் பிள்ளையை ஹாஸ்டலில் போடுவார்கள்.

எல்லோரையும் அதிகமாகத் தடுமாற வைத்த பாடம் வேறு ஒன்று. ஒருவர் குழந்தையாக நடிக்க வேண்டும், இன்னொருவர் தன்னார்வலர். குழந்தை சொல்கிறது: "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது." என்ன பதில் சொல்வீர்கள்? "சத்தியமா சொல்ல மாட்டேன்டா கண்ணு." நம் வாயில் தானாக வருவது இதுதானே. அதைச் சொல்லவே கூடாது. டெக்சாஸில் குழந்தைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தாலே யாராக இருந்தாலும் தகவல் சொல்லியாக வேண்டும், இது சட்டம். சத்தியம் பண்ணிவிட்டு மறுநாள் சொன்னால், பெரியவர்களை நம்பக் கூடாது என்று அந்தப் பிள்ளை இன்னொரு தடவை தெரிந்துகொள்ளும். "உன்னைப் பத்திரமாக வைத்திருக்க யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவங்களுக்கு மட்டும் சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதன்பிறகு பிள்ளை வாயைத் திறக்காமல் போகலாம். போகட்டும்.

வாயைத் திறந்தால் அடுத்த சோதனை. "அப்புறம் என்ன பண்ணான்? எங்க தொட்டான்? எத்தனை தடவை?" என்று கேட்கவே கூடாது. அதைக் கேட்பதற்கென்று தனியாகப் பயின்றவர்கள் இருக்கிறார்கள், அதற்கென்று தனி மையம் இருக்கிறது. குழந்தையை அங்கே கூட்டிப்போய் முடிந்தவரை ஒரே தடவை கேட்டு வீடியோவில் பதிவு செய்துவிடுவார்கள். 1985இல் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் ஊரில் தொடங்கிய முறை அது. நம் ஊரில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பெரியம்மா கேட்பாள், டீச்சர் கேட்பார், வார்டு மெம்பர் கேட்பார், எதிர்வீட்டு அக்கா தலையைத் தடவிக்கொண்டே கேட்பாள். எல்லோரும் அன்பாகத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் கேள்வியிலேயே பாதிப் பதிலும் சேர்ந்து வரும். கடைசியில் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பாப்பா, இதை உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" குழந்தை, பாவம், உண்மையாகவே "பெரியம்மா" என்று சொல்லிவிடும்.

நம் போக்சோ சட்டம் இந்த விஷயத்தில் மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வைத்து வாங்க வேண்டும், கூடுமானவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், யூனிஃபார்மில் போகக் கூடாது, சாட்சி சொல்லத் திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்குக் கூப்பிடக் கூடாது, விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்றெல்லாம் 2012இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தைக்குத் துணையாக 'ஆதரவு நபர்' ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு ஏற்படுத்தித் தரலாம் என்று விதிகளில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இந்த ஆதரவு நபர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்கிற பெற்றோருக்குப் பல சமயம் அப்படி ஒருவர் உண்டு என்பதே தெரியாது. ஆக, கடிதம் எழுதிய நண்பர் கேட்கிற ஆள் போக்சோ வழக்குகளுக்குச் சட்டத்திலேயே இருக்கிறார். அவருக்குச் சமூகப் பணி, உளவியல் மாதிரி படிப்போ குழந்தைகளோடு வேலை பார்த்த அனுபவமோ எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்க்கவும் வேண்டும்.

எனக்குக் காலியாகத் தெரிவது குழந்தைகள் நலக் குழுவின் பக்கம். அங்கே வருவது குற்ற வழக்கு இல்லை. ஓடி வந்த பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை, குடிகார அப்பனிடமிருந்து அக்கம்பக்கத்தார் மீட்டுக் கொண்டுவந்த பிள்ளை. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். 15 நாளுக்குள் பிள்ளையின் குடும்ப நிலைமையை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை, நாலு மாதத்துக்குள் இறுதி உத்தரவு. குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. விசாரணை அறிக்கையை எழுதுகிற பணியாளரின் மேஜையில் எத்தனை ஃபைல் இருக்கும் என்று அரசு அலுவலகத்தில் ஒரு நாள் நின்ற யாருக்கும் தெரியும். உத்தரவு வந்த பிறகு அந்தப் பிள்ளையை மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்து, மூக்குக்கண்ணாடி உடைந்திருக்கிறது, ஒரே ஊரில் இருக்கும் தம்பியைப் பார்த்து நாளாகிவிட்டது, சித்தப்பா ஒருவர் வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார் என்று குழுவுக்கு எழுதிப் போட ஒரு ஆள் வேண்டும். ஒரே ஆள், கடைசி வரைக்கும். இங்கே அமெரிக்காவில் அரசுப் பணியாளர்கள் வேலையை விட்டும் மாற்றலாகியும் போய்க்கொண்டே இருப்பார்கள், ஃபாஸ்டர் வீடு மாறும், பள்ளிக்கூடம் மாறும். 14 நாளுக்குள் ஒரு முழு விசாரணை, அப்புறம் 60ஆம் நாள், 180ஆம் நாள் வாக்கில் அடுத்தடுத்த விசாரணைகள், பொதுவாக ஒரு வருஷத்தில் முடிவு என்று டெக்சாஸில் வழக்கு நகர்கிறபோது, மாறாமல் பின்னால் வருவது பல நேரம் இந்தத் தன்னார்வலர் ஒருவர்தான்.

அப்படி ஒரு ஆளை நம் ஊரில் போட வேண்டும் என்றால் முதலில் கையில் ஒரு உத்தரவு வேண்டும். இங்கே நீதிபதி கையெழுத்துப் போட்ட நியமன ஆணையைக் காட்டினால்தான் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் பட்டியலும் ஆஸ்பத்திரியில் சீட்டும் காட்டுவார்கள். அது இல்லாமல் பிஸ்கட் பாக்கெட்டோடு இல்லத்துக்குப் போகிறவர் விருந்தாளிதான். பிஸ்கட் பாக்கெட் என்றதும் ஞாபகம் வருகிறது. பரிசு, பணம் கொடுப்பது, பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பாடு போடுவது எதுவும் எங்கள் அமைப்பில் கூடாது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பிறந்தநாளுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். சட்டை கொடுக்கிற அத்தையிடம் பிள்ளை அத்தைக்குப் பிடித்த பதிலைச் சொல்ல ஆரம்பித்துவிடும். அப்புறம் அறிக்கைக்கு என்ன மதிப்பு?

இவ்வளவும் சொல்லிவிட்டு இந்தத் திட்டத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிவிட்டுப் போனால் நியாயம் இல்லை. தன்னார்வலர் நியமிக்கப்பட்ட குழந்தைகள் பெற்றோரிடம் திரும்புவது மற்ற குழந்தைகளைவிடக் குறைவு, தத்துப் போவது அதிகம் என்று டெக்சாஸிலேயே நடந்த ஒரு ஆய்வு சொல்லியிருக்கிறது. சிக்கலான வழக்குகளைத்தான் தன்னார்வலர்களிடம் தருகிறார்கள், அதனால் அப்படித்தான் வரும் என்று ஒரு பதில் உண்டு. எனக்கு அந்தப் பதில் முழுக்கத் திருப்தி தரவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப்போல வயிறு நிறைந்த, நேரம் இருக்கிற பெண்கள். பார்க்கப் போவது வாடகை கட்ட முடியாதவர்களின் வீடு. முப்பது மணி நேரத்தில் அந்தக் கண் முழுதாக மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. அந்த முப்பதும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

ஆகவே உங்கள் பத்திரிகை இந்த யோசனையை மேலே எடுத்துச் செல்வதாக இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் வேலை பார்க்கிறவர்களையும், இல்லங்களில் வளர்ந்து இப்போது பெரியவர்களாகி வெளியே வந்தவர்களையும் முதலில் பேட்டி எடுங்கள். எந்த மாதிரி ஆள் கதவைத் தட்டியிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும் என்று அவர்களால்தான் சொல்ல முடியும். பாடத்திட்டம் எழுதுகிற கமிட்டியிலும் அவர்களில் ரெண்டு பேர் உட்கார வேண்டும்.

கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். நான் போகிற கோர்ட் எந்தக் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறது என்பதை நானே எழுதவில்லை. இந்தப் பக்கமும் உங்கள் இணையப் பதிப்பைப் படிக்கிற தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
திருச்சி வாசகி,
டெக்சாஸ்